வராத தரப்பு

கதிர்காமத்து இளைஞர்கள் ‘துயரம்’ என்னும் பொருளில் நடத்திய புகைப்படப் போட்டிக்கு நம்மை நடுவராக அமர்த்தினர். அழும் மூதாட்டி ஒருவரின் படமே சிறந்திருந்தது. “அவர் இசைந்தாரா?” என வினவினோம், எடுத்த இளைஞர் தலைகுனிந்தார்.

துயரத்தைப் படமாக்குவது பிழையன்று. நமக்கு அருகிலுள்ள கடலூரில், சுனாமியில் உறவினரை இழந்து மணலில் வீழ்ந்த பெண்ணை 2004 டிசம்பர் 28 அன்று அர்கோ தத்தா படமெடுத்தார். உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் அதுவே அவ்வாண்டின் சிறந்த படமாயிற்று. இறந்தவரின் கை மட்டுமே அதில் தெரியும். அந்த அடக்கமே அதன் கண்ணியம்.

இரு தரப்பையும் கேளாமல் காழி தீர்ப்பளிக்கலாகாது என்பது நம் மார்க்க நெறி. போட்டிக்குப் படமெடுத்தவர் வருகிறார், படத்திலிருப்பவர் வருவதில்லை. வராதவருக்காகப் பேசுவதும் நடுவரின் அமானிதமன்றோ? படத்தின் ஒளியமைப்பைப் புகழ்ந்தோம். பரிசை நிறுத்திவைத்து, மூதாட்டியிடம் முதலில் சென்றுவரப் பணித்தோம்.