நோவைக் கூட்டிச் சொல்லலாமா?

முதுகெலும்பு நிபுணரைக் காண நாள் வாங்கப் புறப்படுகிறவன் தன் நோவைச் சற்றே கூட்டிச் சொல்வது தகுமா? சிறு விஷயம்போலத் தோன்றும் இக்கேள்வி தோட்டத்திலும் பட்டணத்திலும் ஓயாது எழுவதாகும். செம்பனைக் குலையொன்று 15 முதல் 25 கிலோ வரை நிறுக்கும். பல்லாண்டு அதைத் தூக்கி ஏற்றியவனது இடுப்பு நோகாதிருக்குமா? அவன் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்கிறான். அங்குள்ள வைத்தியர் எழுதும் கடிதத்தோடு பெரிய ஆஸ்பத்திரியை நாடுகிறான். கடிதத்தைப் படித்தே, அவசரமானவனுக்கு முன்னும் மற்றவனுக்குப் பின்னுமாக நாள் குறிக்கிறார்கள்.

இம்முறை நல்ல முறையே. நெப்போலியனது படை வைத்தியராயிருந்த லாரே என்பார், பதவியைப் பாராது காயத்தின் கொடுமையைப் பார்த்தே முந்திச் சிகிச்சை செய்தல் வேண்டுமென்றார். சேனாதிபதியும் சிப்பாயும் அவருக்கு ஒன்றே. ஆயினும் காயம் கண்ணுக்குத் தெரியும். முதுகு நோவு தெரியாது. நோயாளியின் சொல்லை நம்பியே வைத்தியர் தம் விசாரணையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

வைத்தியரிடம் காட்ட மலாயில் நாலு வரி எழுதித் தரும்படி தொழிலாளர் என்னிடம் வருவதுண்டு. "கிராணி ஐயா, கால் மரத்துப் போயிற்றென்றும் சேர்த்து எழுதுங்கள்" என்பார் சிலர். நன்மை தரும் பொய்யை வள்ளுவரே ஒப்பினாரன்றோ என வாதிப்போரும் உளர். அந்நன்மை குற்றமற்றதாயிருத்தல் வேண்டுமென்று அவர் வைத்த நிபந்தனையை மட்டும் மறந்துவிடுகின்றனர்! வரிசையில் ஒருவன் முந்தினால் வேறொருவன் பிந்த வேண்டும். அவன் முகம் நமக்குத் தெரியாது. அவனும் குலை சுமந்தவனாயிருக்கலாம். 2007-இல் செலாயாங், புத்ராஜெயா அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முழுக்கட்டணம் செலுத்துவோருக்குத் தனி வழி திறக்கப்பட்டது. அதன் நியாயம் வேறு கட்டுரைக்குரியது. எனினும் பணத்தால் முந்துகிறவன் வெளிப்படையாக வேறு வாசலில் நுழைகிறான். பொய்யால் முந்துகிறவனோ ஏழைகளின் வரிசையிலேயே இடம் பறிக்கிறான்.

உண்மையில், கூட்டிச் சொல்வோரினும் குறைத்துச் சொல்வோரையே யான் அதிகம் கண்டிருக்கிறேன். "ஒன்றுமில்லை ஐயா, சும்மா இடுப்பு நோவு" என்று சொல்லிவிட்டு, இரவெல்லாம் படுக்க முடியாது உட்கார்ந்திருப்பர். நாம் அதைப் பொறுமையென்று புகழ்கிறோம். வைத்தியரைப் பொறுத்தவரை அதுவும் பொய்யே.

பெரும்பாலான இடுப்பு நோவு அறுவையின்றிச் சில வாரங்களில் தணியும். ஆனால் கால் வலுவிழத்தல், அமரும் இடம் மரத்தல், சிறுநீர் இறங்காமை அல்லது அடக்க இயலாமை ஆகியவை நாள் கேட்டுக் காத்திருப்பதற்குரியன அல்ல. அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுதல் வேண்டும். தண்டின் அடியிலுள்ள நரம்புகள் நசுங்கியிருப்பின், தாமதத்தால் வரும் கேடு திரும்பத் தீராது போகலாம். இவற்றை ஆண்பிள்ளைக் கிராணியிடம் எந்தப் பெண் வாய்விட்டுச் சொல்வாள்? ஆதலின் பெண்கள் வரும்போது என் மனைவியே உள்ளே அழைத்துச் சென்று விசாரிக்கிறாள். அவள் வந்து கூறுவதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதித் தருகிறேன்.