காணாமையும் இன்மையும்

ஒரு பொருள் காணப்படவில்லை என்பது கொண்டு அப்பொருள் இல்லை எனத் துணிதல் எப்போது முறையாகும்? இவ்வினா அளவையியலுக்கு மட்டுமன்றி அறவியலுக்கும் உரியது என்பதை, ஆந்திரப் பிரதேசத்துக் கலிவிக்கோடிப் பறவையின் வரலாறு உணர்த்துகின்றது.

மட்றாஸ் மாகாணத்தில் இராணுவ மருத்துவராயிருந்த தோமஸ் ஜேர்டன் வாயிலாக 1848இல் அறிவுலகிற்கு அறிமுகமான இப்பறவை, 1900ஆம் ஆண்டின் பின் நெடுங்காலம் காணப்படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் கருதினர். ஆயின் 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்து முட்புதர்க் காட்டில் அது மீண்டும் அகப்பட்டது. பிடித்தவர் ஆய்வாளரல்லர், அக்காட்டை அறிந்த உள்ளூர் வேட்டைக்காரர்.

பாட்ட மீமாம்சகர் காணாமையை 'அநுபலப்தி' என்னும் தனி அளவையாகக் கொண்டனர். எனினும், இருந்திருப்பின் கண்டிருத்தல் கூடும் என்ற நிலையிலேயே காணாமை இன்மையை நிறுவும் என வரையறுத்தனர். ஒளியுள்ள அறையிற் குடம் தென்படாவிடின் அது இல்லை எனலாம். இருளறையில் அவ்வாறு கூறல் பொருந்தாது. கலிவிக்கோடியோ இரவில் இயங்குவது. பகலில் எத்துணை தேடினும் அத்தேடல் இருளறையிற் குடம் தேடியதையே ஒக்கும்.

பொருளும் உழைப்பும் அளவுபட்டவை. இறந்ததைத் தேடி இருப்பதைக் கைவிடலாமா எனச் சிலர் வினவுவர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் இருவகைப் பிழைகளும் நிகரானவையல்ல. இல்லாததை உண்டெனக் கொண்டால் உழைப்பு வீணாகும். உள்ளதை இல்லையெனக் கொண்டால் அதன் காவல் நீங்கும். முன்னையது திருத்தத்தக்கது, பின்னையது திருத்தவொண்ணாதது. சென்னையின் குடிநீருக்கும் இராயலசீமையின் வயல்களுக்கும் நீர் தரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் வேலை, 2005இல் இப்பறவையின் வாழிடத்தில் ஒரு பகுதியை அழித்தது. பறவை உண்டு என்பது அறியப்பட்டிருந்தமையாலேயே பின்னர் கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. நீரும் வேண்டும், பறவையும் வேண்டும் என்ற வழக்கில், 'இல்லை' எனப்பட்டதற்காக வாதிடுவார் எவருமிலர்.

தேடுவோர்க்கும் ஒரு வரையறை உண்டு. 1986இல் அகப்பட்ட பறவை பிழைக்கவில்லை. 'உண்டு' என்னும் அறிவு, உண்டானதன் உயிரையே விலையாகக் கொண்டது. பிற்காலத்து ஆய்வாளர் மணற்பரப்பிற் பதிந்த காலடிகளாலும் தானியங்கிக் கமராக்களாலும் அதனைத் தீண்டாமலே அறிய முயன்றனர். இது வெறும் உத்தி மாற்றமன்று. அறியும் ஆவலுக்கு அறம் இட்ட எல்லையாகும்.

ஆகவே, 'அழிந்தது' எனக் கூறுமுன் தேடல் தக்க முறையில் நிகழ்ந்ததா, அவ்விடத்து மக்களின் அறிவு கேட்கப்பட்டதா என வினவுதல் கடன். அவ்வினாக்களுக்கு விடை கிட்டும்வரை, 'காணவில்லை' என்று மட்டுமே கூறுதல் நேர்மையாகும்.