கிணற்றின் கடன்

மாசு செய்தவரே அதனை நீக்கும் பொருளையும் தருதல் வேண்டும் என்பது நியாயமே. ஆனால், பொருள் தந்தவுடன் அவர் கடன் தீர்ந்துவிடுமோ? நம் மொழியில் 'கடன்' என்பது கொடுக்கவேண்டிய பணத்தையும் குறிக்கும். செய்யவேண்டிய கடமையையும் குறிக்கும்.

உதயப்பூரை அடுத்த பிச்ரி என்னும் சிற்றூரில், ஒரே வளாகத்தில் சூப்பர் பாஸ்பேட் உரமும் கந்தக அமிலமும், சாயத் தொழிலுக்குரிய 'எச்' அமிலமும் உற்பத்தியாயின. 1989-இல் எச் அமிலப் பிரிவு மூடப்பட்டது. அதன் நச்சுக் கசடோ மண்ணிலேயே கிடந்தது. கந்தக அமிலப் பிரிவின் கழிவுநீர் அக்கசட்டினூடே பாய்ந்து, நஞ்சை நிலத்தடிக்குக் கொண்டு சென்றது. கிணற்று நீர் கருஞ்செந்நிறமாயிற்று. குடிக்கவும் ஆகாது, பாசனத்திற்கும் ஆகாது. பயிருக்கு உரம் செய்த இடமே பயிரின் நீரைப் பறித்த விந்தையை என்னென்பது!

1996-இல் உச்ச நீதிமன்றம், சீரமைப்புச் செலவு ஆலையாரைச் சாரும் என்று தீர்ப்பளித்தது. பின்னர் மதிப்பிடப்பட்ட தொகை 37.385 கோடி ரூபாய். மனுமேல் மனுவாக அது இழுபட்டது. 2011-இல் 12 விழுக்காடு கூட்டு வட்டியுடன் செலுத்துமாறு மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

கோப்புகளோடு காலங்கழிக்கும் எம்போன்றோர்க்கு வட்டிக் கணக்கு எளிதில் விளங்கும். ஆனால், தன் நிலத்தில் கிணறிருந்தும் அப்பதினைந்து ஆண்டுகளும் அதில் வாளி இறக்க இயலாத உழவனின் இழப்பை எந்தக் கணக்குத் தலைப்பில் பதிவது?