சாலையும் சபையும்

பரம்பரையாக வந்த வழக்கங்களில் மனம் ஒப்பியவற்றை வைத்துக்கொண்டு, ஒப்பாதவற்றை ஓசையின்றி விலக்கி, தமக்கென்று ஒரு நம்பிக்கையைத் தேடிக்கொண்டவர்களுக்குச் சில காலம் சென்றபின் ஒரு குறை தோன்றத் தொடங்குகிறது. தெய்வம் இருக்கிறது, பிரார்த்தனை இருக்கிறது, படிப்பதற்கு நல்ல கிரந்தங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன, கூட உட்காருவதற்குத்தான் ஆள் இல்லை. ஆகவே கூட்டம் தேடிப் புறப்படுகிறார்கள். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல், மறுபிறவியைப் பற்றி இந்த மன்றத்தார் என்ன சொல்லுகிறார்கள், விக்கிரக ஆராதனை உண்டா, குருவை எவ்வளவு தூரம் வணங்கவேண்டும் என்று ஒவ்வொன்றாக விசாரித்து, ஒன்பது பொருந்திப் பத்தாவது பொருந்தாமல் வீடு திரும்புகிறார்கள். வாலிபத்தில் நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். ஒத்த கருத்துடையவர்கள் கூடினால் அது சத்சங்கமாகிவிடும் என்பது அக்காலத்தில் என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தை முதலில் அசைத்தது ஒரு நூலுமன்று, உபந்நியாசமுமன்று, வடலூர்.

இராமலிங்க அடிகள் அங்கே செய்த காரியங்களின் வரிசையைச் சற்று நிதானமாகக் கவனிக்கவேண்டும். சமரச சன்மார்க்க சங்கத்தை அவர் நிறுவியது 1865இல். வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அதன் அடுப்பை மூட்டியது 1867 வைகாசியில். சத்திய ஞான சபையில் ஜோதி வழிபாடு தொடங்கியதோ 1872 தைப்பூசத்தன்று. முதலில் மனிதர்கள் கூடினார்கள். பிறகு சோறு வெந்தது. வழிபாட்டுக்குரிய மண்டபம் எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. ஒரு புதிய மார்க்கத்தைச் சொல்ல வந்தவர் தம் கொள்கைக்குக் கட்டிடம் எழுப்புவதற்குச் சில ஆண்டு முன்பே பசித்தவர்களுக்கு அடுப்பு மூட்ட முனைந்தார் என்பதை, வடலூர்ப் பார்வதிபுரத்து ஜனங்கள் அவருக்கு நிலம் கொடுத்ததற்குக் காரணமாகச் சொன்னால் தவறாகாது என்றே நினைக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் ஞான சபையின் ஏழு திரைகளின் தத்துவார்த்தத்தை அறிந்து கொடுத்திருப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. ஞான சபையின் வாயிலில், கொலையையும் புலாலையும் விட்டவர்களே உள்ளே செல்லவேண்டும் என்ற நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறது. தருமசாலைக்கு அப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இல்லை. பசி ஒன்றே போதும். அணையாமல் காக்கப்பட்டுவரும் அந்த அடுப்பின்முன் நின்றபோது, முகத்தில் அனல் அடிக்க, பெரிய அண்டாவில் சோறு கிளறிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, “சாப்பிட்டாச்சா?” என்றார். நான் சைவனா வைஷ்ணவனா, ஜோதியை ஏற்பவனா மறுப்பவனா என்று அவர் கேட்கவில்லை. அத்தனை மன்றங்களின் படியேறி இறங்கிய எனக்கு அந்தக் கேள்வி புதிதாக இருந்தது.

அதே தென்னார்க்காட்டுச் சீமையில், பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்னர், சமயம் மாறி மீண்ட ஒருவருடைய வரலாற்றையும் இதனோடு சேர்த்து நினைப்பது என் வழக்கம். திருநாவுக்கரசர் இளமையில் சமண சமயத்தைச் சார்ந்து, பாடலிபுரத்தில் கற்று, தருமசேனர் என்ற பெயரும் பெரிய மதிப்பும் பெற்றிருந்தார். (அந்தச் சமணர்களும் அவருக்கு ஒரு நல்ல சமூகமாகவே இருந்திருக்கவேண்டும், சூலைநோய் கண்டபோது தமக்குத் தெரிந்த மந்திரங்களையெல்லாம் செய்து பார்த்தவர்கள் அவர்கள்தாம் என்பதைச் சேக்கிழாரே மறைக்கவில்லை.) நோய் தாங்கமாட்டாமல் இரவோடிரவாகத் திருவதிகைக்குத் தமக்கையிடம் அவர் வந்து விழுந்தபோது, தம்பி சமயம் மாறியதால் ஆண்டுக்கணக்காக மனம் நொந்திருந்த திலகவதியார், கேட்பதற்கு எவ்வளவோ இருந்தும், ஒன்றும் கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். விடியுமுன் கோயிலைப் பெருக்கி மெழுகும் தம் நித்தியப் பணிக்குத் துடைப்பமும் தண்ணீர்க்குடமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். சித்தாந்த விவாதங்களில் பெயரெடுத்த பண்டிதர், விளக்குமாற்றின் பின்னால் நடந்து தம் பழைய சமயத்துக்குத் திரும்பினார்! பிற்காலத்தில் அவர் தோளை விட்டு அகலாத உழவாரப்படையின் தொடக்கம் அந்த வைகறையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

உழவாரம் என்பது புல் செதுக்கும் கருவி. நீண்ட காம்பு, அதன் நுனியில் அகன்ற இரும்புத் தகடு. இன்று அந்தப் பெயரால் திருப்பணி செய்யும் கூட்டங்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், பொருத்தம் எதுவும் பார்க்காமல், நண்பர் ஒருவர் கூப்பிட்டதற்காக, நானும் போய்ச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதேனும் ஒரு பழைய கோயில். பிராகாரத்தில் நெருஞ்சி தரையோடு படர்ந்தும் துத்தி முழங்கால் உயரத்துக்கு மண்டியும் கிடக்கும். விளக்குத் தூண்களில் எத்தனையோ காலத்து எண்ணெய்ப் பிசுக்கு; அதன்மேல் அரிசி மாவைத் தூவித் தேய்த்தால் கறுப்பு உருண்டு உருண்டு வரும், கீழே கல்லின் நிறம் தெரியும். விமானத்தின் சந்துகளில் முளைத்த அரசங்கன்றுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. மேலே வெட்டினால் வேர் உள்ளே பருத்துக் கல்லையே பிளந்துவிடும் என்பதால், சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி, அரை நாளானாலும் வேரோடு எடுக்கவேண்டும். அப்படி ஒரு வேரின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருந்த பொழுதில், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், தமக்கு மறுபிறவியில் நம்பிக்கை இல்லை என்று, வெயிலைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார். எனக்கு உண்டு. இருவரும் சிறிது நேரம் வாதம் செய்தோம். வேர் அசைந்தவுடன் வாதம் நின்றுவிட்டது. சித்தாந்தத்தை வாயிலில் வைத்துக் கேட்டிருந்தால் எங்களில் ஒருவர் அங்கே இருந்திருக்கமாட்டார்.

ஆனால் கூட்டம் என்று வந்துவிட்டால் அதற்குரிய கடுமையும் உடன் வருகிறது. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் கூடியிருந்த அடியார்களை வணங்காமல் சுந்தரர் ஒதுங்கிச் சென்றபோது, விறன்மிண்ட நாயனார், இந்தக் கூட்டத்துக்கு அவர் புறம்பு, அவரை ஆட்கொண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிட்டாராம். அடியார் கூட்டத்தின் கௌரவத்துக்காகத் தெய்வத்தையே வெளியே நிறுத்திய அந்தத் துணிவை வியக்கிறேன். அதனிடம் எனக்குப் பயமும் உண்டு. அந்த நிகழ்ச்சியிலிருந்தே குயவரும் வேடரும் வண்ணாரும் இடம்பெற்ற திருத்தொண்டத்தொகை பிறந்தது. அதே தொகையில் இடம்பெற்ற நந்தனாரோ தில்லைக்குள் புகுவதற்கு நெருப்பில் மூழ்கவேண்டியிருந்தது.

எங்கள் கூட்டத்திலும் ஒரு விறன்மிண்டர் இருக்கிறார். வேர் எடுப்பதில் கைதேர்ந்த கொத்தனார் ஒருவர், கிறிஸ்தவர், கூலி வாங்காமல் எங்களோடு வரத் தொடங்கியபோது, கொடிமரத்தைத் தாண்டி அவர் வரக்கூடாது என்று இந்தப் பெரியவர் மறித்தார். நான் எதிர்த்துப் பேசினேன். பெரியவர் அறிவிப்புப் பலகையைச் சுட்டிக் காட்டினார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். கொத்தனார் மட்டும் கோபிக்கவில்லை. வெளிக் கோபுரத்தில் ஏறி வேலை செய்கிறார். பெரியவரே கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்கிறார். மத்தியானம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து இருவரும் கோபுர நிழலில் ஒன்றாகவே சாப்பிடுகிறார்கள். உள்ளே வரலாமா கூடாதா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை; ஒவ்வொரு ஞாயிறும் நான் அதை எழுப்புகிறேன், அவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.