தொடுகிறது என்று யார் சொல்ல வேண்டும்?

கணினியில் இரண்டு பல்சக்கரங்களை வரைந்து, பல்லோடு பல் பொருந்த வைத்து, ஒன்றை மட்டும் சுழற்றினால் என்ன ஆகும்? மற்றதும் சேர்ந்து சுழலும் என்றுதான் நினைப்போம். சுழலாது. ஒன்றின் பற்கள் இன்னொன்றின் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். கேட் மென்பொருளுக்கு வடிவம் தெரியும், எடை தெரியும். தொடுதல் தெரியாது. 'இதுவும் அதுவும் தொடும்' என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

இயந்திர வடிவமைப்பு என் பிழைப்பு. 40 பாகம் உள்ள ஒரு இயந்திரத்தில் 780 ஜோடிகள் உண்டு. அத்தனையையும் தொடுபவையாக அறிவித்தால் கணக்கு ராத்திரி முழுக்க ஓடும். அதனால் பத்துப் பதினைந்து ஜோடிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு மீதியை விட்டுவிடுவோம். இந்த விட்டுவிடுதல் வெறும் தொழில்நுட்ப விஷயம்தானா என்பதே என் கேள்வி.

தொடுதலை அறிவித்த பிறகும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பாகம் மற்றதற்குள் நூலிழையாவது நுழைந்த பிறகுதான் மென்பொருள் எதிர்விசையைக் கணக்கிடும். ஆழம் கூடக்கூட விசை கூடும். உருண்டைப் பரப்புகளுக்கு அது ஆழத்தின் 1.5 அடுக்கு. 1880களின் தொடக்கத்தில், கண்ணாடி லென்ஸ்களை ஒன்றோடொன்று அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் கண்டடைந்த விதி அது. அதோடு, எந்தப் பொருளும் எந்தப் பொருளும் தொடுகின்றன என்றும் சொல்ல வேண்டும். சாலிட்வொர்க்ஸில் அதற்கொரு பட்டியல் உண்டு: உலர்ந்த எஃகு, எண்ணெய்ப் பிசுக்குள்ள எஃகு, அலுமினியம், நைலான், ரப்பர்.

மரக்காணம் உப்பளத்தில் உப்புநீர் இறைக்கும் பம்பு ஒன்றுக்காக இந்தப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தபோது, அங்கே இன்ஜின் பார்க்கும் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இங்க காஞ்ச இரும்பும் கெடையாது, எண்ணெ போட்ட இரும்பும் கெடையாது. எல்லாம் உப்பு புடிச்ச இரும்பு."

அவர் சொன்னதைக் கணக்கில் சேர்க்க முடியும். கசியும் உப்புநீர் காய்ந்து, தண்டில் படிகம் தங்கி, சீலை அராவுகிறது. உராய்வு எண்ணை நாமே மாற்றிக் கொடுத்தால் போதும்.

சேர்க்க முடியாதது வேறு. இன்ஜினிலிருந்து பம்புக்கு பெல்ட் ஓடுகிறது. பக்கத்து வரப்பில் பெண்கள் தலையில் உப்புக்கூடையோடு போகிறார்கள். கடற்காற்றுக்கு முந்தானை பறக்கிறது. என் மாடலில் முந்தானை என்றொரு பாகம் கிடையாது. சேர்த்தால் 41 பாகம், 820 ஜோடி. ஒரே ஒரு துணிக்காக நாற்பது புதிய கேள்விகள்!

மென்பொருளின் தர்மம் இது: தொடும் என்று சொல்லாதவரை எதுவும் தொடாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதைத் தலைகீழாக வைத்தது. 21ஆம் பிரிவின்படி, சக்தி கடத்தும் இயந்திரப் பாகங்கள் வேலி போட்டது போலவே பாதுகாப்பான இடத்தில் இருந்தாலொழிய, அவற்றுக்கு வேலி போட்டே ஆக வேண்டியிருந்தது. அதாவது, தொடாது என்று காட்டும்வரை எல்லாம் தொடும். ஓடும் பெல்ட்டின் அருகே நின்று அதைப் பரிசோதிப்பவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொன்னது. துணியும் இயந்திரமும் ஒரு ஜோடி என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

சரி, வெட்டவெளி உப்பளம் தொழிற்சாலையா? சுவரில்லை, கூரையில்லை, வேலையைச் செய்வது வெயில். இப்படித்தான் வாதாடினார்கள். அர்தேஷிர் பிவண்டிவாலா எதிர் பம்பாய் மாநிலம் என்ற வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திறந்த நிலமும் தொழிற்கூடமே. கடல்நீரை உள்ளே விட்டு, பார்த்திருந்து, உப்பை வாருவது மனித உழைப்பே என்றது. இயற்கையின் கணக்கில் எழுதப்பட்டிருந்த கைகளும் கால்களும் அந்தத் தீர்ப்பில் பாகங்களாக அறிவிக்கப்பட்டன.

எல்லாவற்றையும் சேர்த்தால் அது மாடலே இல்லை என்பீர்கள். உண்மைதான். எதையாவது விட்டால்தான் எதையாவது கணக்கிட முடியும். ஆனால் ஒரு போல்ட்டும் வாஷரும் உரசுவதை விடுவதும், ஒரு மனுஷியை விடுவதும் ஒன்றல்ல. முதலாவதில் விட்டதன் விலை என் கணக்குக்கு. இரண்டாவதில் அதைக் கொடுப்பவர் என் திரையைப் பார்த்ததே இல்லாத ஒருவர். அதனால் மனித உடம்பு வரும் இடத்தில் மட்டுமாவது சட்டத்தின் வரிசைதான் சரி என்று நினைக்கிறேன். தொடாது என்று நிரூபிக்கும் பாரம் வரைகிறவன் மேல் இருக்க வேண்டும்.

'பெல்ட்டுக்குக் கூண்டு போட்டாச்சே, கழற்றியவன் திரும்ப மாட்டவில்லை' என்ற பதில் தயாராக இருக்கும். உப்புக் காற்றில் அந்த போல்ட் துருவேறி இறுகிவிடும் என்பது வரையும்போதே தெரிந்த சேதி. கூண்டைக் கழற்றாமலே பெல்ட்டை இறுக்க முடிகிற மாதிரி வரைவது, தொடுதலைக் கணக்கிடும் வேலையில்தான் சேரும்.