ஒரு சிட்டிகை மருந்து: பழி யார் மேல்?

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945ஆம் ஆண்டு டிசம்பரில், நோபெல் பரிசு பெற்ற சமயம், ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அதன் முடிவில் ஒரு சிறு கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டைப் புண். வைத்தியரைக் கேளாமல் தாமே பெனிசிலின் வாங்கி உபயோகிக்கிறார். கிருமிகளைக் கொல்ல அந்த அளவு போதாது; ஆனால் மருந்தை எதிர்த்து நிற்க அவற்றைப் பழக்கிவிட அதுவே போதும். அக்கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா காண்கிறது. பெனிசிலின் கொடுத்துப் பார்க்கிறார்கள், பலிக்கவில்லை. அந்த அம்மாள் இறந்துபோகிறாள். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பாளி? இப்படிக் கேட்டுவிட்டு, அஜாக்கிரதையாய் மருந்தைக் கையாண்ட கணவனே என்று பிளெமிங் விடையும் கூறினார்.

இந்தக் கதையில் கேடு செய்தவரும் கேடு அடைந்தவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். ஆகையால் தீர்ப்புச் சொல்வது எளிது. இதையே சற்று மாற்றிப் பார்ப்போம். ஒரு பண்ணைக்காரர், கோழிகள் சீக்கிரம் எடை கூடவேண்டும் என்று தீவனத்தில் சிறிது ஆன்டிபயாடிக் மருந்தைக் கலக்கிறார். சில வருஷங்கள் கழித்து, அவர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு பட்டணத்து ஆஸ்பத்திரியில், எந்த மருந்துக்கும் அடங்காத காய்ச்சலால் ஒரு குழந்தை இறக்கிறது. அந்தக் கிருமி எந்தப் பண்ணையில் பழகியது என்று எவராலும் சொல்ல முடியாது. அவரைப் போல் ஆயிரம் பேர் அதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். இதைக் குற்றம் என்று சொல்லலாமா? சொன்னால், யாருடைய குற்றம்?

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். ஆரியோமைசின் என்ற மருந்தைத் தயாரித்தபின் மிஞ்சும் சக்கையைத் தின்ற கோழிக்குஞ்சுகள் வேகமாய் வளர்கின்றன என்று 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லெடர்லி ஆராய்ச்சிசாலையார் அறிவித்தார்கள். அது முதல் கோழிக்கும் பன்றிக்கும் கன்றுக்கும் தீவனத்தோடு ஒரு சிட்டிகை மருந்து கலப்பது வழக்கமாயிற்று. நோய் கண்ட பிராணிக்கு அல்ல, நோயில்லாத பிராணிக்கு! எடை கூடுவதற்காகவும், நெருக்கி அடைத்த கொட்டகையில் வியாதி கிளம்பாதிருப்பதற்காகவும் கொடுத்தார்கள்.

ஒரு கோழியின் குடலில் கோடானுகோடி நுண்கிருமிகள் உண்டு. அவற்றுள் ஏதோ சில, தற்செயலாய், மருந்தைத் தாங்கும் வலுவுடன் பிறந்திருக்கும். தினந்தோறும் மருந்து சிறிது சிறிதாய்ச் சேரும்போது, வலுவில்லாதவை மடிகின்றன, வலுவுள்ளவை பெருகுகின்றன. அது மட்டுமல்ல, அந்த எதிர்ப்புச் சக்தியை ஒரு இனக் கிருமி வேறு இனக் கிருமிக்கும் கொடுக்க வல்லது. பிறகு எருவிலும், தண்ணீரிலும், வேலையாள் கையிலும், சரியாய் வேகாத இறைச்சியிலும் அவை வெளியே புறப்படுகின்றன.

இது வெறும் ஊகமன்று. ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க வைத்தியரும் அவர் கூட்டாளிகளும் ஒரு பண்ணையில் சோதித்துப் பார்த்து 1976ல் வெளியிட்டார்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீனி கொடுத்த ஒரே வாரத்தில் கோழிகளின் குடற்கிருமிகள் அநேகமாய் முழுவதுமே அம்மருந்தை எதிர்ப்பவை ஆகிவிட்டன. ஐந்தாறு மாதங்களுக்குள் பண்ணையில் குடியிருந்தோருக்கும் அது வந்துவிட்டது. அவர்களிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளில் 100க்கு 31ல் பெரும்பாலான கிருமிகள் மருந்தை எதிர்த்தன. அக்கம்பக்கத்து வீட்டாரிடமோ அது 100க்கு 7க்கும் குறைவே. மருந்து தின்றது கோழி; மாற்றம் கண்டது மனிதர் குடலில்!

நிற்க. இப்போது, தம் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்த மனிதர் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம்.

முதலாவது: "என் பங்கு மிகச் சிறிது, நான் ஒருவன் நிறுத்தினால் உலகம் மாறிவிடுமா?" ஊர்ப் பொதுக் குளத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டாரும் ஒரு குடம் சாக்கடை நீரை அதில் கொட்டினால், எந்தக் குடத்தால் குளம் கெட்டது என்று யாரும் காட்ட முடியாது. அதனால் கொட்டியவர் எல்லாரும் நிரபராதிகள் ஆகிவிடுவார்களா? பலர் சேர்ந்து செய்வதனால் தீமை பங்கு போடப்பட்டுக் கரைந்துபோவதில்லை. மருந்தின் வலிமையும் அந்தக் குளத்தைப் போன்றதே. யாரும் அதைத் தனியாய்ச் சம்பாதித்ததில்லை. அது எல்லாருக்கும் பொதுச் சொத்து. இன்னும் பிறவாத குழந்தைக்கும் அதில் பாத்தியதை உண்டு. செய்தவனைக் கண்டுபிடித்துத் தண்டிக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாத இடம் இது. கோர்ட்டுக்கு எட்டாத இடத்தில்தான் மனச்சாட்சிக்கு வேலை அதிகம்.

இரண்டாவது: "முட்டையும் இறைச்சியும் மலிவாய்க் கிடைத்தால் ஏழைகளுக்கு நல்லதுதானே? சிறு பண்ணைக்காரனுக்கு இலாபமே அற்பம்." இதில் உண்மை உண்டு, தள்ளிவிடக்கூடாது. நம் நாட்டில் கம்பெனிக்காகக் கோழி வளர்த்துக் கொடுக்கும் குடியானவர்கள் அநேகர். குஞ்சும் தீனியும் கம்பெனியிலிருந்தே வருகின்றன. தீனியில் என்ன கலந்திருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அறியாமலும், வேறு வழியில்லாமலும் செய்பவனுக்கும், நன்றாய் அறிந்து இலாபத்துக்காக விற்பவனுக்கும் பொறுப்பு ஒன்றாகாது. அறிவு எவ்வளவோ, சுதந்திரம் எவ்வளவோ, அவ்வளவு பொறுப்பு. ஆனால் ஏழைகளின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. சாதாரண மருந்து பலிக்காதபோது, விலையுயர்ந்த மருந்து வாங்கப் பணமுள்ளவன் வாங்குவான். ஏழை என்ன செய்வான்? முட்டையில் மிச்சம் பிடித்த காசை அவன் ஆஸ்பத்திரியில் வட்டியோடு கட்டவேண்டிவரும். 2019ஆம் ஒரே ஆண்டில் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது: "அப்படியானால் வியாதி கண்ட ஆடுமாடுகளைச் சாகவிடலாமா?" ஒருபோதும் கூடாது. வாயில்லாப் பிராணி துன்புறும்போது சிகிச்சை செய்வது நம் கடமை. நோயைத் தீர்க்க மருந்து கொடுப்பது வேறு. கொழுக்கவைக்கவும், துப்புரவில்லாத கொட்டகையின் குறையை மூடிமறைக்கவும் மருந்தைத் தீவனமாக்குவது வேறு. முன்னதைச் செய்யாவிட்டால் குற்றம். பின்னதைச் செய்தால் குற்றம்.

கோலிஸ்டின் என்ற மருந்தின் கதையைக் கேளுங்கள். அது சிறுநீரகத்துக்குக் கெடுதி செய்வதால் வைத்தியர்கள் வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிற மருந்துகள் தோற்கத் தொடங்கியபின், அதுவே உயிர் காக்கும் கடைசிப் புகலிடங்களில் ஒன்றாயிற்று. அதே மருந்தைச் சீனாவில் பன்றிகளுக்குத் தீவனத்தோடு கொடுத்து வந்தார்கள். ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குத் தாவக்கூடிய கோலிஸ்டின் எதிர்ப்புச் சக்தி பரவிவிட்டது என்று 2015 நவம்பரில் அந்நாட்டு விஞ்ஞானிகளே அறிவித்தார்கள். வளர்ச்சிக்காக அதைக் கொடுப்பதை 2017ல் சீன அரசாங்கம் தடுத்தது. பரிசோதிக்கப்பட்ட மக்களிடையே 2016ல் 100க்கு 14 பேர் அந்த எதிர்ப்புச் சக்தியுள்ள கிருமியைச் சுமந்திருந்தார்கள். 2019ல் அது 6 பேராய்க் குறைந்தது. இந்தியாவிலும் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பது 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டது. ஆகவே, கையை எடுத்தால் பலன் உண்டு. "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்பது சோம்பேறியின் சாக்கு.

டென்மார்க் தேசத்தாரும் இதற்குச் சாட்சி. பன்றி வளர்ப்பில் பேர்போன நாடு அது. 1995 முதல் படிப்படியாய், 2000ஆம் ஆண்டுக்குள், எடை கூட்டும் மருந்துகளை எல்லாம் அவர்கள் தீவனத்திலிருந்து விலக்கினார்கள். கஷ்டமில்லாமல் இல்லை. பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டது. சிகிச்சைக்கான மருந்துச் செலவு சில காலம் ஏறியது. பொறுத்துக்கொண்டு, கொட்டகைகளைச் சீர்படுத்தினார்கள். பன்றி வளர்ப்பு அழிந்துபோகவில்லை. மருந்து எழுதிக் கொடுக்கும் கால்நடை வைத்தியரே அதை விற்று அதிக இலாபம் அடையாதபடியும் சட்டம் செய்தார்கள். எழுதும் கைக்கும் பணப்பைக்கும் இடையே சிறிது தூரம் இருப்பது எவருக்கும் நல்லதன்றோ! பின்னர் 2006 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அந்த வழக்கத்தை நிறுத்தியது.

அன்பர்களே, இவ்வளவும் பெரிய பண்ணைக்காரர்களுக்குச் சொன்னது என்று எண்ணவேண்டாம். நம் வீட்டிலும் ஒரு பசுவோ, இரண்டு ஆடோ, நாலு கோழியோ இருக்கலாம். வியாதி கண்டால் கால்நடை வைத்தியரைக் கேளுங்கள். அவர் சொன்ன அளவும் நாளும் தவறாமல் கொடுங்கள். நாம் சாப்பிட்டு மிஞ்சிய மாத்திரையை உடைத்து ஆட்டுக்குப் போடவேண்டாம். மருந்து கொடுத்த மாட்டின் பாலை, வைத்தியர் குறித்த நாள் கழியும்வரை விற்கவும் வேண்டாம், குழந்தைக்குக் கொடுக்கவும் வேண்டாம். தீவனம் வாங்கும்போது அதில் மருந்து கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். சந்தையில் எப்போதும் மலிவையே தேடும் நாமும், மலிவுக்காகச் செய்யப்படும் தீங்கில் பங்காளிகள்தான். சுத்தமாய் வளர்த்ததற்குச் சற்று அதிக விலை கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும்.

நம் செயலால் கெட்டுப்போகிறவனை நாம் கண்ணால் பார்ப்பதில்லை. பார்க்காததனால் அவன் நமக்கு அயலான் அல்லாமல் போய்விடமாட்டான். அவனுக்கு ஒரு நாள் தேவைப்படும் மருந்தைக் கெடாமல் வைத்திருப்பது, இன்று நாம் அவனுக்குச் செய்யவேண்டிய கடன்.