பொறுமை என்றால் அடங்கிப் போவதா? பாலஸ்தீனம் தரும் படிப்பினை



பாலஸ்தீன மக்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், "அல்லாஹ் அவர்களுக்குப் பொறுமையைத் தரட்டும்" என்று சொல்கிறோம். நல்ல துஆதான். ஆனால் பொறுமை என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் வைத்திருக்கிறோம்? அடிப்பவன் அடிக்கட்டும், அடி வாங்குபவன் வாய் மூடி இருக்கட்டும் என்பதா? அப்படியானால் அது ஜாலிமுக்கு வசதியான பொறுமை. மார்க்கம் சொல்லும் ஸப்ர் அதுதானா?

யஃகூப் நபியின் ஸப்ர்

அழகிய பொறுமைக்கு முன்மாதிரியாகக் குர்ஆன் காட்டுபவர் யஃகூப் (அலை). அவர்கள் வாழ்ந்த கன்ஆன் தேசம், இன்று நாம் பாலஸ்தீனம் என்று சொல்லும் பகுதிதான். மகன் யூஸுஃபைப் பறிகொடுத்தபோது அவர்கள் அழுதார்கள். கண்கள் வெளுத்துப் போகும் அளவுக்கு அழுதார்கள் (12:84). பிள்ளைகள் கொண்டுவந்த பொய்யை உண்மை என்று ஒப்புக்கொள்ளவில்லை (12:18). ஆண்டுகள் பல கடந்த பின்னும், யூஸுஃபைத் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்றே பிள்ளைகளை அனுப்பினார்கள் (12:87).

கவனியுங்கள். அழுவது ஸப்ருக்கு எதிரானதல்ல. பொய்யை மறுப்பதும், இழந்ததைத் தேடுவதும் எதிரானதல்ல. நம்பிக்கை இழப்பதுதான் எதிரானது.

நிலத்தை விடாத பொறுமை

1967 ஜூன் போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா ஆகியவை இஸ்ரேலின் ஆக்கிரமிப்பின் கீழ் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் ராணுவ ஆணை எண் 101 பிறப்பிக்கப்பட்டது. அரசியல் காரணத்துக்காகப் பத்துப் பேர் கூடினால்கூட ராணுவத்தின் அனுமதி வேண்டும் என்றது அது. ஒரே மேற்குக் கரையில் யூதக் குடியேறிக்கு இஸ்ரேலிய சிவில் சட்டம். பக்கத்து ஊர் பாலஸ்தீனருக்கு ராணுவ நீதிமன்றம்.

நிலத்தை எப்படி எடுத்தார்கள்? 1979-இல் எலோன் மோரே வழக்கில், ராணுவத் தேவை என்று காரணம் காட்டித் தனியார் நிலத்தில் குடியேற்றம் அமைத்தது செல்லாது என்று இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதன் பிறகு வேறு வழி தேடினார்கள். 1858-ஆம் ஆண்டின் உஸ்மானிய நிலச் சட்டத்தை எடுத்தார்கள். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயிரிடாத நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்ற அதன் விதியை வைத்து, ஏராளமான நிலத்தை 'அரசு நிலம்' என்று அறிவித்தார்கள்.

இப்போது புரிகிறதா, ஒரு பாலஸ்தீன விவசாயி ஏன் ஜைத்தூன் கன்று நடுகிறார் என்று? மரம் நின்றால் நிலம் நிற்கும். நட்டதைப் பிடுங்கினால் மீண்டும் நடுகிறார். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸுமூத்', அதாவது இடம்பெயராமல் உறுதியாக நிற்பது. கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் வந்தாலும், முடிந்தால் அதை நட்டுவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள் (முஸ்னத் அஹ்மத்). அந்த ஹதீஸின் பொருளை அந்த மக்கள் வாழ்ந்து காட்டுகிறார்கள்.

பெத்லஹேம் அருகிலுள்ள பைத் ஸாஹூரைப் பாருங்கள். கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. முதல் இன்திஃபாதாவின்போது, எங்களுக்குப் பிரதிநிதித்துவம் தராத ராணுவ ஆட்சிக்கு வரி கட்டமாட்டோம் என்றார்கள். 1989-இல் ராணுவம் ஏறத்தாழ ஆறு வாரம் ஊரை முற்றுகையிட்டது. வரிக்கு ஈடாகப் பட்டறை இயந்திரங்களையும் வீட்டுச் சாமான்களையும் அள்ளிச் சென்றது. அந்த ஊர் பணியவில்லை. ஆயுதம் தூக்காத இந்த மறுப்பும் பொறுமைதான்.

பொறுமைக்கும் எல்லைகள் உண்டு

இங்கே நம் உள்ளத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது அல்மாயிதா 8-ஆம் வசனத்தின் கட்டளை. நம் எதிர்ப்பு ஆக்கிரமிப்பு என்ற அநீதிக்கு. யூதராகப் பிறந்த மனிதருக்கு அல்ல. பைத் ஸாஹூர் மக்களோடு தோள் சேர்ந்து நின்ற இஸ்ரேலியர்களும் இருந்தார்கள். போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபி (ஸல்) தடுத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). யார் செய்தாலும் இந்தத் தடை ஒன்றுதான். காஸாவில் பல்லாயிரம் உயிர்கள் போனதை நாம் கண்டிப்பதும் இதே அளவுகோலால்தான். எதிரிக்கு ஓர் அளவுகோல், நமக்கு வேறொன்று என்றால் நம் சாட்சியம் செல்லாது.

நம் கடமை என்ன?

அநீதிக்கு உள்ளானவன் பொறுமையாக இருப்பது அவனுடைய இபாதத். பார்த்துக்கொண்டிருப்பவன் அவனிடம் "பொறுமையாக இரு" என்று சொல்லிவிட்டு நகர்வது இபாதத் ஆகாது. அநீதி இழைப்பவனுக்கும் உதவுங்கள், அவன் கையைத் தடுப்பதே அவனுக்கான உதவி என்றார்கள் நபி (ஸல்) (புகாரி). தடுக்கும் சக்தி நம் கையில் இல்லை என்றால் நாவு இருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று, இந்த ஆக்கிரமிப்பு தொடர்வது சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரை வழங்கியது. இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கூட வேலை செய்பவர் கேட்டால் நிதானமாக விளக்குங்கள். செல்போனில் வரும் படத்தை விசாரிக்காமல் பகிராதீர்கள். நாம் பரப்பும் ஒரு பொய், அங்கே நடக்கும் நூறு உண்மைகளைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

இனி "யா அல்லாஹ், அவர்களுக்குப் பொறுமையைத் தா" என்று கையேந்தும்போது, யஃகூப் நபியின் பொறுமையை மனதில் வைத்துக் கேளுங்கள். அழுதாலும் உண்மையை விடாத, தேடுவதை நிறுத்தாத, நம்பிக்கை இழக்காத பொறுமை அது. அதைத் தாங்கும் நீதியுணர்வை நமக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

யா அல்லாஹ்! உலகில் அநீதி இழைக்கப்பட்ட ஒவ்வோர் உயிருக்கும் நீதியைத் தருவாயாக. அந்தப் பூமியில் அச்சமற்ற வாழ்வை மலரச் செய்வாயாக. ஆமீன்.